ஹல் ஹவுஸ் வளர்த்த பிள்ளைகள்

சிகாகோ என்றதும் தமிழ் வாசகர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, 1893-ல் விவேகானந்தர் பேசிய சர்வமத மாநாடு. இன்னொன்று, 1886-ல் எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம். ஹேமார்க்கெட்டில் குண்டு வெடித்ததும், பின்னாளில் அது மே தினமாக உலகம் முழுக்கப் பரவியதும் பாடப்புத்தகத்திலேயே வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில், 1889 செப்டம்பர் 18 அன்று, அதே ஊரில் இரண்டு பெண்கள் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்தார்கள். பார்த்தால் சரித்திர நிகழ்ச்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒருவர் பெயர் ஜேன் ஆடம்ஸ், வயது 29. மற்றவர் அவருடைய கல்லூரித் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டார். வீடு இருந்தது ஹால்ஸ்டெட் தெருவில். சார்ல்ஸ் ஹல் என்ற பணக்காரர் 1856-ல் கட்டிய மாளிகை அது. அவர் கட்டியபோது ஊருக்கு வெளியே இருந்த இடத்தை முப்பது வருடத்தில் நகரம் விழுங்கிவிட்டது. சுற்றிலும் இத்தாலியர்கள், ஐரிஷ்காரர்கள், ஜெர்மானியர்கள், ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் தப்பி வந்த யூதர்கள், பொஹீமியர்கள். கப்பலில் வந்து இறங்கிய ஏழைகளின் பேட்டை. மாளிகைக்கு ஒரு பக்கம் மதுக்கடை, இன்னொரு பக்கம் சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் கடை. அந்தப் பேட்டைவாசியின் வாழ்க்கையை அந்த மூன்று கட்டடங்களை வைத்தே சொல்லிவிடலாம் போலிருக்கிறது!

இந்த வீடுதான் ஹல் ஹவுஸ். குழந்தைகளையும் இளைஞர்களையும் சமூகத்தோடு சேர்த்துக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கு அடுத்த நாற்பது ஆண்டுகள் அமெரிக்கா தேடிய பல விடைகள் இங்கிருந்துதான் கிளம்பின. சிறார் நீதிமன்றம், விளையாட்டுத் திடல், தொழிற்சாலைச் சட்டம், இசைப்பள்ளி என்று பட்டியல் நீளும். ஆனால் பட்டியலைவிட சுவாரஸ்யமானது, இந்த வேலையைத் தொடங்கியவர்கள் எத்தனை தடவை தவறாகக் கணக்குப் போட்டார்கள், அதை அவர்களுக்கு யார் திருத்தினார்கள் என்பது. பெரும்பாலும் திருத்தியவர்கள் குழந்தைகளும் அவர்களுடைய அம்மாக்களும்.

முதலில், இவர்கள் ஏன் அங்கே போனார்கள்? ஆடம்ஸ் வசதியான வீட்டுப் பெண். அப்பா ஆலை முதலாளி, இல்லினாய் மாநில செனட்டர், ஆபிரகாம் லிங்கனின் நண்பர். அப்பா 1881-ல் இறந்தார். மருத்துவப் படிப்பில் சேர்ந்த ஆடம்ஸ் முதுகெலும்பு நோயால் அதை விட்டார். பிறகு ஐரோப்பா முழுக்கப் பயணம். படித்த பெண்ணுக்குச் செய்ய வேலை எதுவும் இல்லாத காலம் அது. 1888-ல் லண்டனில் டாயின்பீ ஹால் என்ற இடத்தைப் பார்த்தார். கிழக்கு லண்டனின் ஏழைக் குடியிருப்புகளுக்கு நடுவே பல்கலைக்கழக மாணவர்கள் வந்து தங்கி, அக்கம்பக்கத்தாருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்ரியட்டாவும் 1884-ல் ஆரம்பித்தது. தானம் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதற்குப் பதிலாக, அங்கேயே அண்டை வீட்டாராகக் குடியிருப்பது என்பதுதான் அதன் கொள்கை. ஆங்கிலத்தில் இதை செட்டில்மென்ட் என்றார்கள்.

நல்ல கொள்கைதான். ஆனால் அண்டை வீட்டாரைப் பற்றி ஆடம்ஸுக்கு அப்போது என்ன தெரியும்? ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. ஓவியங்களின் பிரதிகளை மாட்டினார்கள். வாசிப்பு வகுப்பு வைத்தார்கள். கலையும் இலக்கியமும் கிடைத்தால் ஏழைகளின் வாழ்க்கை உயரும் என்று நம்பினார்கள்.

முதல் கிறிஸ்துமஸ் வந்தது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். சில சிறுமிகள் வாங்க மறுத்துவிட்டார்கள். மிட்டாய் வேண்டாம் என்று சொல்லும் குழந்தைகளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். பண்டிகை வியாபாரத்துக்காக ஆறு வாரங்களாகக் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை வேலை. மிட்டாயைக் கண்ணால் பார்க்கவே அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

அதே குளிர்காலத்தில், ஹல் ஹவுஸ் சிறுவர் மன்றத்துக்கு வந்துகொண்டிருந்த மூன்று பையன்கள் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்து அடிபட்டார்கள். ஒருவன் இறந்தே போனான். சில டாலர் செலவில் ஒரு தடுப்பு வைத்திருந்தால் தவிர்த்திருக்கலாம். முதலாளிகளிடம் சொன்னால் பதறிப்போய் உடனே சரிசெய்வார்கள் என்று ஆடம்ஸ் நினைத்தார். அவர்கள் எதுவும் செய்யவில்லை. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும்போதே பெற்றோரிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்களாம். கவனக்குறைவால் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நஷ்டஈடு கேட்க மாட்டோம் என்று.

இன்னொரு சம்பவமும் உண்டு. முதல் கோடைக்காலத்தில் உடல் ஊனமுற்ற மூன்று குழந்தைகளை ஹல் ஹவுஸ்காரர்கள் சந்தித்தார்கள். மூவருடைய அம்மாக்களும் பகல் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள். ஒரு குழந்தை மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தது. இன்னொன்று தீக்காயம் பட்டது. மூன்றாவது குழந்தைக்கு முதுகு வளைந்திருந்தது. மூன்று வருடங்களாகப் பகல் முழுதும் சமையலறை மேசைக்காலில் கட்டிப் போடப்பட்டிருந்ததுதான் காரணம். மதியம் அண்ணன் வேலையிடத்திலிருந்து ஓடி வந்து அவிழ்த்துவிட்டுச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவான். அவ்வளவுதான் விடுதலை.

இந்த அம்மாக்களைக் கொடுமைக்காரிகள் என்று சொல்ல ஆடம்ஸுக்கு மனம் வரவில்லை. வாடகை கொடுக்க வேலைக்குப் போக வேண்டும். வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. ஓவியக் கண்காட்சி ஒரு பக்கம் இருக்க, குழந்தைகள் காப்பகமும் பாலர் பள்ளியும்தான் அந்த வீட்டில் முக்கியமாயின. ஹல் ஹவுஸின் மற்ற திட்டங்களும் பெரும்பாலும் இப்படித்தான் பிறந்தன. வாசலில் வந்து நின்றது தேவை. அதன் பின்னால்தான் திட்டம் வந்தது. எதிர்த்திசையில், இவர்களாகவே யோசித்து ஆரம்பித்தவை பல படுத்துவிட்டன. ஒரு நல்ல உதாரணம் அவர்களுடைய பொதுச் சமையற்கூடம். பாஸ்டன் நகரத்தில் விஞ்ஞான முறைப்படி சத்துணவு சமைத்து மலிவாக விற்கும் கூடம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து இங்கேயும் சூப்பும் கூழும் சமைத்தார்கள். இத்தாலியரும் யூதரும் பக்கமே வரவில்லை! சத்து இருக்கலாம், ஆனால் தனக்குப் பிடித்ததைத்தான் தான் சாப்பிடுவேன் என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். ஏழை என்றால் கொடுத்ததைத் தின்ன வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்; அந்தப் பெண்ணைப் போலப் பதில் சொல்கிறவர்கள்தான் குறைவு.

*

1891 டிசம்பரில், பனி கொட்டிய ஒரு காலையில், ஃப்ளாரன்ஸ் கெல்லி என்ற பெண் ஹல் ஹவுஸ் கதவைத் தட்டினார். கணவரை விட்டுப் பிரிந்து வந்தவர், மூன்று குழந்தைகளின் தாய். ஏங்கெல்ஸின் புத்தகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அவரோடு கடிதத் தொடர்பும் வைத்திருந்த சோஷலிஸ்ட். இவருடைய அப்பா அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். மகளுக்கு ஏழு வயதில் வாசிக்கக் கற்றுக்கொடுக்க அவர் எடுத்த புத்தகம் என்ன தெரியுமா? இங்கிலாந்தின் செங்கல் சூளைகளில் வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றிய புத்தகம். ஈரக் களிமண்ணைத் தலையில் சுமந்து செல்லும் குழந்தைகளின் படங்கள் அதில் இருந்தன. வீட்டில் மற்றவர்கள் ஆட்சேபித்தார்களாம். அப்பா கேட்கவில்லை. அந்தப் பாடம் நன்றாகவே பதிந்திருக்கிறது.

கெல்லி வந்த பிறகு ஹல் ஹவுஸின் போக்கே மாறியது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் நடக்கும் தையல் வேலையை அவர் கணக்கெடுத்தார். பெரிய துணிக் கம்பெனிகள் வெட்டிய துணியைத் தரகர்களிடம் கொடுக்க, தரகர்கள் அதை இருண்ட அறைகளில் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்துத் தைத்து வாங்குவார்கள். நான்கு வயதுக் குழந்தைகூட அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, தற்காலிகமாகப் போட்ட தையல் நூலை மணிக்கணக்கில் பிரித்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடம் போகலாமே என்றால், அந்த வார்டில் இருந்த பள்ளி இருக்கைகள் குழந்தைகளின் எண்ணிக்கையைவிட ஏறக்குறைய 3000 குறைவு. மதுக்கடைகள் மட்டும் 250-க்கு மேல்.

ஹல் ஹவுஸ்காரர்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து போராடி 1893-ல் இல்லினாய் மாநிலத்தில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை உற்பத்தி வேலையில் வைக்கக் கூடாது. பெண்களுக்கும் சிறார்களுக்கும் எட்டு மணி நேரம்தான் வேலை. ஆளுநர் ஆல்ட்கெல்ட் கெல்லியையே மாநிலத்தின் முதல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக நியமித்தார். சட்டம் வருவதற்கு முன் முதலாளிகள் சங்கம் ஒன்றின் சார்பில் ஆடம்ஸுக்கு ஒரு பேரம் வந்தது. இந்தத் தையற்கூடச் சட்டப் பேச்சைக் கைவிட்டால் ஹல் ஹவுஸின் தர்ம காரியங்களுக்கு 50,000 டாலர். அந்தக் காலத்தில் அது பெரும் செல்வம். ஆடம்ஸ் மறுத்தார். தன்னைப் பார்த்து லஞ்சம் கொடுக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே, தன்னிடம் அப்படி என்ன குறை தெரிந்தது என்றுதான் அவர் வருந்தினாராம்.

வெற்றிக் கதை என்று இதோடு முடித்துவிட முடியாது. சட்டத்தை முதலில் எதிர்த்தவர்களில் ஹல் ஹவுஸின் அண்டை வீட்டாரும் உண்டு. பிள்ளை கொண்டுவரும் கூலி நின்றால் அடுப்பு எரியாத வீடுகள் அவை. நமக்கு நல்லது செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நம் வயிற்றில் அடிக்கிறார்களே என்று அந்த அம்மாக்கள் கோபப்பட்டதில் என்ன ஆச்சரியம்? 1895-ல் எட்டு மணி நேரப் பிரிவு செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1897-ல், ஆட்சி மாறியதும், கெல்லியின் வேலையும் போனது. நாடு முழுமைக்கும் நிலைத்து நின்ற குழந்தைத் தொழிலாளர் சட்டம் வருவதற்கு 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குப்பைக் கதையையும் சொல்லாமல் விட முடியாது. தெருவில் குழந்தைகள் விளையாடுவது குப்பைத் தொட்டிகளைச் சுற்றித்தான். பெரிய மரப்பெட்டிகள், நிரம்பி வழியும், யாரும் எடுக்க மாட்டார்கள். ஒரு கோடையில் ஹல் ஹவுஸ் பெண்கள் சந்து சந்தாகப் போய் 1037 விதிமீறல்களைச் சுகாதாரத் துறைக்கு எழுதிக் கொடுத்தார்கள். பலன் இல்லை. கடைசியில் ஆடம்ஸ் தானே குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்கு விண்ணப்பம் போட்டார்! தொழில்நுட்பக் காரணம் சொல்லி அது தள்ளுபடியானது. ஆனால் 1895-ல் மேயர் அவரை அந்த வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். விடியற்காலை ஆறு மணிக்கெல்லாம் குப்பை வண்டிகளின் பின்னால் கிளம்பிவிடுவார்கள். ஒரு குறுகிய தெருவில் குப்பையை வெட்டி எடுத்தபோது, பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே கல் பாவிய சாலை ஒன்று தென்பட்டது. அப்படி ஒரு சாலை இருப்பதே அங்கு குடியிருந்தவர்களுக்குத் தெரியாது. சிகாகோ வார்டுகளின் இறப்பு விகிதப் பட்டியலில் மூன்றாம் இடத்தில் இருந்த இந்த வார்டு ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

இதனால் அதிகம் எரிச்சலடைந்தவர் ஜானி பவர்ஸ் என்ற வார்டு கவுன்சிலர். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகக் கோழியும் வாத்தும் கொடுப்பார், சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருவார், கேட்டவர்களுக்கு நகராட்சியில் வேலை வாங்கித் தருவார். தெருவை மட்டும் சுத்தம் செய்ய மாட்டார். (தெரிந்த முகமாக இருக்கிறதா?) ஹல் ஹவுஸ் அவரைத் தேர்தலில் தோற்கடிக்க இரண்டு முறை முயன்றது. இரண்டு முறையும் பவர்ஸே ஜெயித்தார். மக்கள் முட்டாள்கள் என்று ஆடம்ஸ் எழுதவில்லை. தங்களுக்குக் கஷ்டம் வந்தபோது கூட நின்றவருக்கு அவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்று புரிந்துகொண்டு, அதை 1898-ல் ஒரு கட்டுரையாகவே எழுதினார்.

*

ஆனால் ஹல் ஹவுஸின் மிகச் சிறந்த யோசனை சட்டமும் அல்ல, குப்பை வண்டியும் அல்ல. அது ஒரு அருங்காட்சியகம்.

குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு பாடம் நன்றாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. ஆங்கிலம் பேசு, அமெரிக்கனைப் போல உடுத்து, பழைய ஊரை மற. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். கூடவே இன்னொன்றையும் கற்றுக்கொண்டார்கள்: அம்மாவைப் பார்த்து வெட்கப்பட. தலையில் துணி கட்டிக்கொண்டு, ஆங்கிலம் தெரியாமல், தெருவில் பேரம் பேசும் அம்மா. சமூகத்தில் சேர்வதற்கு விலையாக வீட்டை விட்டு விலகுவது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன யாருக்கும் இது புரியாத விஷயம் அல்ல.

ஒரு நாள் தெருவில் ஒரு வயதான இத்தாலியப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து நூல் நூற்பதை ஆடம்ஸ் பார்த்தார். கையில் இருந்தது நம்மூர் தக்கிளியைப் போன்ற எளிய கதிர்க்குச்சி. கிழவியைச் சுற்றியிருந்த தெருவில் அவளுடைய பேரப்பிள்ளைகள் வயதில் இருந்தவர்கள் துணி ஆலைகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். தாங்கள் ஓட்டும் இயந்திரத்தின் பாட்டி அந்தக் குச்சிதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. 1900-ல் ஹல் ஹவுஸில் உழைப்பு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கதிர்க்குச்சி, பிறகு ராட்டை, பிறகு விசைத்தறி என்று வரிசையாக. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவில்லை. அக்கம்பக்கத்துச் சிரியப் பெண்களும், கிரேக்கர்களும், இத்தாலியர்களும், ரஷ்யர்களும், ஐரிஷ்காரர்களும் சனிக்கிழமை மாலைகளில் வந்து உட்கார்ந்து தாங்களே நூற்றுக் காட்டினார்கள். வாழ்நாளில் முதன்முறையாக அவர்கள் அந்த ஊரில் ஆசிரியர்கள் ஆனார்கள்.

ஆடம்ஸ் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். சனிக்கிழமை அவள் ஹல் ஹவுஸுக்குச் சமையல் வகுப்புக்கு வருவாள். அதே மாலையில் அவளுடைய அம்மா அருங்காட்சியகத்தில் நூற்க வருவார். அம்மா ஒரு கதவு வழியாக வர, மகள் வேறு கதவு வழியாக நுழைவாள். தலையில் கைக்குட்டையும், காலில் முரட்டு பூட்ஸும், குட்டைப் பாவாடையுமாக இருக்கும் அந்தப் பெண்மணியின் மகள் என்று யாரும் தன்னை அடையாளம் கண்டுவிடக் கூடாது. ஒரு நாள் மாலை, பல்கலைக்கழகத்திலிருந்து வந்த விருந்தினர்கள் அம்மாவைச் சுற்றி நின்று வியந்துகொண்டிருப்பதை மகள் பார்த்தாள். அமெரிக்காவிலேயே கதிர்க்குச்சியில் இவ்வளவு நன்றாக நூற்பவர் உன் அம்மாதானா என்று ஆடம்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அம்மா வாழ்ந்த இத்தாலியக் கிராமத்தைப் பற்றியும், பெண்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டே நூற்ற வாழ்க்கையைப் பற்றியும், அதையெல்லாம் விட்டு இந்தப் புகைபிடித்த தெருவுக்கு வந்ததன் வலியைப் பற்றியும் ஆடம்ஸ் அவளிடம் பேசினார். சில நாட்களில் அந்தப் பெண், அசிங்கம் என்று பெட்டிக்குள் ஒளித்துவைக்கச் சொன்ன அம்மாவின் கைநெசவுத் துணிகளை வெளியே எடுக்கச் சொன்னாள். அம்மா வரும் கதவு வழியாகவே தானும் ஹல் ஹவுஸுக்குள் நுழைந்தாள்.

இளைஞர்களுக்கான நலத்திட்டங்கள் எத்தனையோ வந்துவிட்டன. பிள்ளைக்கு வேண்டியதை நேரடியாகக் கொடுப்பதுதான் பெரும்பாலானவற்றின் வழி. பிள்ளையின் கண் முன்னால் அதன் அம்மாவை உயர்த்திக் காட்டுவது ஒரு திட்டமாக இருக்க முடியும் என்று 1900-லேயே யோசித்தது பெரிய விஷயம்தான். ஜான் டூயி போன்ற கல்வியாளர்கள் ஹல் ஹவுஸுக்கு அடிக்கடி வந்துபோனதில் ஆச்சரியம் இல்லை.

*

அந்தக் காலத்து சிகாகோவில் தப்புச் செய்த பையன்களை என்ன செய்வார்கள்? பெரியவர்களை விசாரிக்கும் அதே நீதிமன்றம், அதே சிறை. என்ன தப்பு என்று பார்த்தால், ரயில் பாதை ஓரம் நெருப்பு மூட்டியது, ஓடும் ரயில் மேல் கல்லெறிந்தது, கொடியைக் காட்டி ரயிலை நிறுத்தியது. 1909-ல் வந்த தன் புத்தகத்தில் ஆடம்ஸ் இப்படிப்பட்ட வழக்குகளை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்குகிறார். பாதிக்கு மேல் வெறும் விளையாட்டு. நகரம் இளைஞர்களை வேலைக்குக் கூப்பிட்டது, சாயங்காலம் அவர்களுக்கு மதுக்கூடத்தையும் நடனக் கூடத்தையும் ஐந்து சென்ட் சினிமாவையும் காசுக்கு விற்றது, விளையாட ஒரு மைதானம் தரவில்லை, பிறகு கைது செய்தது. இதுதான் அவருடைய குற்றச்சாட்டு. இடிந்த குடியிருப்புகளை அகற்றிய ஒரு மனையில் ஹல் ஹவுஸ் 1890-களிலேயே சிகாகோவின் முதல் பொது விளையாட்டுத் திடலைத் திறந்திருந்தது.

1899-ல் இல்லினாய் மாநிலம் சிறார் நீதிமன்றச் சட்டத்தை நிறைவேற்றியது. உலகின் முதல் சிறார் நீதிமன்றம் சிகாகோவில் அமைந்தது. இதற்குப் பாடுபட்டவர்களில் ஹல் ஹவுஸில் குடியிருந்த ஜூலியா லாத்ரப் முக்கியமானவர். ஹல் ஹவுஸைச் சேர்ந்த அல்சினா ஸ்டீவன்ஸ் அதன் முதல் நன்னடத்தை அலுவலர். தண்டிப்பது நோக்கம் அல்ல, நல்ல பெற்றோர் போல நடந்துகொள்வதே நோக்கம் என்றார்கள். இந்த நல்ல எண்ணத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. பெற்றோர் மாதிரி என்றால் வக்கீல் எதற்கு, சாட்சி விசாரணை எதற்கு? இந்த முறை நாடு முழுக்கப் பரவியபோது, வழக்கறிஞரே இல்லாமல் பிள்ளைகளைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவதும் கூடவே பரவியது. 1967-ல் அரிசோனாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஒருவனின் வழக்கில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சிறார்களுக்கும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்றது. அன்பாக நடத்துவது வேறு, உரிமை கொடுப்பது வேறு என்று புரிய 68 வருடம் ஆகியிருக்கிறது.

ஓட்டைகளைப் பேசும்போது இன்னொன்றையும் பேச வேண்டும். ஹல் ஹவுஸின் கதவு எல்லோருக்கும் ஒரே மாதிரி திறக்கவில்லை. இத்தாலியர், யூதர், கிரேக்கர், பின்னாளில் மெக்சிகோக்காரர் வரை உள்ளே வந்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருமளவில் சிகாகோவுக்கு வந்த பிறகும், ஹல் ஹவுஸ் மன்றங்களில் கறுப்பினப் பிள்ளைகள் மிகக் குறைவு. ஆடம்ஸ் நிறவெறியர் அல்ல. 1909-ல் கறுப்பின மக்களின் உரிமைக்காக உருவான தேசிய அமைப்பின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். சிகாகோ பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று ஒரு பெரிய பத்திரிகை எழுதத் தொடங்கியபோது, கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் ஆடம்ஸிடம்தான் வந்தார். ஆடம்ஸ் செல்வாக்குள்ளவர்களைக் கூட்டிப் பேசினார். அந்தப் பிரசாரம் நின்றது. பிரித்து வைப்பதை எதிர்த்தவரின் வீட்டிலேயே மன்றங்கள் பிரிந்துதான் கிடந்தன.

அந்த வெற்றிடத்தை நிரப்ப முயன்றவர் வெல்ஸ்தான். தெற்கிலிருந்து வந்து இறங்கும் கறுப்பின இளைஞன் இரவில் தங்க இடம் தேடினால், ஒய்.எம்.சி.ஏ. கதவு அவனுக்குத் திறக்காது. மதுக்கூடமும் சூதாட்ட இடமும் மட்டுமே திறந்திருக்கும். 1910-ல் வெல்ஸ், தன் ஞாயிறு வகுப்பு மாணவர்களோடு சேர்ந்து, ஸ்டேட் தெருவில் ஒரு வாசிப்பறையும் தங்குமிடமும் அமைத்தார். வேலை தேடித் தருவதும் அங்கே நடந்தது. ஹல் ஹவுஸுக்கு இருந்த பணக்கார நண்பர்கள் வெல்ஸுக்கு நீடிக்கவில்லை. 1913-ல் நன்னடத்தை அலுவலராக வேலைக்குச் சேர்ந்து, அந்தச் சம்பளத்தைப் போட்டு நடத்தினார். 1920-ல் மூட வேண்டியதாயிற்று. ஹல் ஹவுஸுக்குக் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்குகூட இந்த வாசிப்பறைக்குக் கிடைக்கவில்லை.

*

ஹல் ஹவுஸில் வளர்ந்த பிள்ளைகளில் இரண்டு பேரை மட்டும் பார்ப்போம். ஒருவர் பென்னி குட்மன். ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த ஏழை யூதக் குடும்பம், வீடு நிறையப் பிள்ளைகள். அப்பா தன் பையன்கள் எப்படியாவது இசை கற்க வேண்டும் என்று விரும்பினார். முதலில் ஒரு யூதக் கோயிலில் கற்றார்கள். அங்கே பணம் இல்லாமல் இசைக்குழு நின்றதும் ஹல் ஹவுஸ் சிறுவர் இசைக்குழுவில் சேர்ந்தார்கள். கிளாரினெட் பிடித்த அந்தப் பையன்தான் பிற்காலத்தில் ஸ்விங் இசையின் அரசன் என்று கொண்டாடப்பட்டு, 1938-ல் நியூயார்க் கார்னகி ஹாலில் வாசித்தவர். கறுப்பினக் கலைஞர்களையும் வெள்ளையரையும் ஒரே மேடையில் உட்கார வைத்து வாசித்த குழு அவருடையது.

இன்னொருவர் வயோலா ஸ்போலின். 1920-களில் ஹல் ஹவுஸில் நெவா பாய்ட் என்பவரிடம் குழு விளையாட்டுகளைக் கற்றார். பல மொழி பேசும் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து வகுப்பு நடத்த வேண்டும் என்றால் பாடப்புத்தகம் உதவாது, விளையாட்டுதான் உதவும். 1930-களில் ஸ்போலின் அதிலிருந்து நாடக விளையாட்டுகளை உருவாக்கினார். முன்கூட்டி எழுதாத வசனத்தை மேடையில் அந்த நொடியில் உருவாக்கும் நடிப்பு முறை அதிலிருந்து வளர்ந்தது. அவருடைய மகன் 1959-ல் சிகாகோவில் செகண்ட் சிட்டி நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அமெரிக்க நகைச்சுவை நடிகர்கள் பலர் அங்கிருந்து வந்தவர்கள்.

ஆடம்ஸுக்கு 1931-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1935-ல் இறந்தார். லாத்ரப் 1912-லேயே மத்திய அரசின் குழந்தைகள் துறைக்குத் தலைவர் ஆகியிருந்தார். ஹல் ஹவுஸ் அதற்குள் பதின்மூன்று கட்டடங்களாக விரிந்திருந்தது.

1960-களின் தொடக்கத்தில் சிகாகோ நகரத்துக்குப் பல்கலைக்கழகம் கட்ட இடம் தேவைப்பட்டது. ஹல் ஹவுஸும் சுற்றியிருந்த குடியிருப்புகளும் தேர்ந்தெடுக்கப்பட்டன. எதிர்த்துப் போராடியவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஃப்ளாரன்ஸ் ஸ்காலா, இத்தாலியத் தையல்காரரின் மகள், சிறுவயதில் ஹல் ஹவுஸுக்கு வந்து வளர்ந்தவர். மேயர் அலுவலகத்தில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள், வழக்குப் போட்டார்கள். அண்டை வீட்டாராகவே இருப்போம் என்று தொடங்கிய நிறுவனத்தின் அறங்காவலர்கள் கடைசியில் இடத்தைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். ஸ்காலாவின் கசப்பு நியாயமானது. 1963-ல் வழக்கும் தோற்றது. 1856-ல் கட்டிய பழைய வீட்டையும் உணவுக்கூடத்தையும் தவிர எல்லாவற்றையும் இடித்தார்கள். அந்த இரண்டும் 1967-ல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டன. ஹல் ஹவுஸ் பெயரில் நகரத்தின் மற்ற பகுதிகளில் இயங்கிவந்த சேவை அமைப்பு, பெரும்பாலும் அரசு நிதியை நம்பியே இருந்தது. பணம் தீர்ந்து, 2012 ஜனவரியில், ஊழியர்களுக்குச் சரியான முன்னறிவிப்புகூட இல்லாமல் மூடப்பட்டது.